தக்காளி ஏன் சிவப்பு? வீட்டிலேயே நிறத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

"சிவப்புப் பொருள் சிவப்பு ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும், மற்ற எல்லா நிறங்களையும் உறிஞ்சிக்கொள்ளும்." பள்ளியில் இப்படி எழுதித்தான் மதிப்பெண் வாங்கினோம். இதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பிடித்துவிட்டால், துணிக்கடையில் ஒரே நிறமாக இருந்த சேலையும் பிளவுஸ் பிட்டும் தெருவுக்கு வந்ததும் ஏன் ஒட்டாமல் போகின்றன, கருநீல பேண்ட் இரவில் ஏன் கறுப்பாகத் தெரிகிறது, மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் ஏன் சிவக்கிறது என்று பல விஷயங்கள் விளங்கிவிடும். ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். நன்றாக இருட்டாக்கக்கூடிய ஓர் அறையும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு போன், பழைய சி.டி. ஒன்று, வெள்ளைத்தாள், சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஸ்கெட்ச் பேனா, நன்றாகப் பழுத்த தக்காளி, பச்சை மிளகாய், எலுமிச்சை, மஞ்சள்தூள், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கொஞ்சம். ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் புற ஊதா டார்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. ஹைலைட்டர் பேனாவை மட்டும் ஒதுக்கி வையுங்கள். அதன் மை, தன்மேல் விழும் ஒளியை வாங்கி வேறு நிறமாக உமிழும். முதல் தடவை செய்பவர்களைக் குழப்ப அது ஒன்று போதும்.

செய்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய மூன்று விஷயம்

முதலாவது, வெள்ளை ஒளி என்பது ஒற்றைச் சரக்கு கிடையாது. நியூட்டன் 1666 வாக்கில் வெயிலை முப்பட்டகத்தில் விட்டுப் பிரித்ததை எல்லோரும் சொல்வார்கள். அவர் அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரிந்து வந்த நிறங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து இரண்டாவது பட்டகத்தில் விட்டார், அது மேற்கொண்டு பிரியவில்லை, நிறமும் மாறவில்லை. அப்படியானால் பட்டகம் நிறத்தைப் பூசவில்லை, உள்ளே ஏற்கெனவே இருந்ததைத்தான் விரித்துக் காட்டியது என்று ஆகிறதல்லவா? இதை 1672ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். இன்று அந்த நிறங்களை அலைநீளமாகச் சொல்கிறோம்: ஊதா முனை சுமார் 400 நானோமீட்டர், சிவப்பு முனை சுமார் 700. நடுவில் நீலம் 450 பக்கம், பச்சை 530 பக்கம், மஞ்சள் 580 பக்கம்.

இரண்டாவது, பொருள். அதிலுள்ள நிறமிகள் சில அலைநீளங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். நிறமி மூலக்கூறில் உள்ள எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுவதற்கு எவ்வளவு ஆற்றல் தேவையோ, அதற்குப் பொருத்தமான ஒளிதான் உள்ளே போகும், மற்றவை சிதறித் திரும்பும். தக்காளியில் இருக்கும் லைக்கோபீன் என்ற நிறமி நீலம், நீலப்பச்சையோடு பச்சையிலும் பெரும்பகுதியை விழுங்குகிறது. எலுமிச்சை, மஞ்சள் போன்ற மஞ்சள் நிறப் பொருள்கள் 500க்குக் கீழே இருப்பதை விழுங்கிவிட்டுப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாவற்றையும் திருப்பிவிடுகின்றன. ஆம், எலுமிச்சைப்பழத்திலிருந்து சிவப்பு ஒளியும் வருகிறது, பச்சை ஒளியும் வருகிறது. பள்ளிப் பாடத்தில் விட்டுப்போன பாதி இதுதான்.

மூன்றாவது, கண். வெளிச்சத்தில் நிறம் பார்க்க நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள்தான் இருக்கின்றன. வருகிற ஒளி எவ்வளவு சிக்கலான கலவையாக இருந்தாலும் மூளைக்குப் போவது இந்த மூன்றும் எவ்வளவு தூண்டப்பட்டன என்ற விவரம் மட்டுமே. எனவே முற்றிலும் வேறான இரண்டு கலவைகள் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், துணி வாங்கும் இடத்தில் தேவைப்படும்.

சுருக்கமாக, விழுந்தது என்ன, பொருள் எடுத்துக்கொண்டது என்ன, மிச்சத்தைக் கண் எப்படிப் படித்தது என்று எந்த நிறத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்வி. பெரும்பாலானவர்கள் நடுக்கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்விதான் முக்கியம்.

படி 1: விழுகிற ஒளியை மாற்றிப் பாருங்கள்

வெள்ளைத்தாளில் சிவப்புப் பேனாவால் பெரிதாக ஓர் எழுத்து, மஞ்சளால் ஒன்று, நீலத்தால் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். போனில் வேறெந்த நிறமும் இல்லாத, திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும் ஒரு படத்தைத் திறந்து, வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றுங்கள். கண் பாதுகாப்பு என்ற பெயரில் திரையை மஞ்சளாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை கொஞ்சம் பொறுங்கள். அப்புறம் போனை டார்ச் மாதிரி தாளுக்கு மேலே பிடியுங்கள்.

சிவப்பு எழுத்து காணாமல் போயிருக்கும், அல்லது அடையாளம் மட்டும் லேசாக இருக்கும். மஞ்சள் எழுத்தும் அப்படித்தான். நீல எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும். காரணம் எளிது. அறையில் இருப்பது சிவப்பு ஒளி மட்டுமே, வெள்ளைத்தாளும் அதைத் திருப்புகிறது, சிவப்பு மையும் திருப்புகிறது, மஞ்சள் மையும் திருப்புகிறது, மூன்றுக்கும் வித்தியாசம் காட்ட வேறு ஒளியே இல்லை. நீல மை மட்டும் சிவப்பை விழுங்குகிறது. இப்போது படத்தை நீலமாக மாற்றுங்கள். மஞ்சள் எழுத்து சட்டென்று கறுத்து மேலே வரும். சற்று முன் கண்ணுக்கே தெரியாமல் இருந்த அதே எழுத்து!

இனி காய்கறிகளை வையுங்கள். சிவப்பில் தக்காளியும் எலுமிச்சையும் பளிச்சென்று இருக்கும், மிளகாய் கறுத்துப்போகும். பச்சையில் தக்காளி கறுக்கும், மிளகாயும் எலுமிச்சையும் துலங்கும். இரண்டு ஒளியிலும் எலுமிச்சை துலங்குவதைக் கவனியுங்கள், மஞ்சள் என்பது சிவப்பையும் பச்சையையும் சேர்த்தே திருப்புகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. போன் திரையின் சிவப்பு அவ்வளவு சுத்தமானதல்ல, கொஞ்சம் மற்ற ஒளியும் கசியும், அதனால் கறுப்பு என்று நான் சொல்லும் இடத்தில் உங்களுக்குக் கருஞ்சாம்பலாகத் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம்.

சந்தையில் நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே தக்காளி வாங்கியிருந்தால், மங்கலாகத் தெரிந்த பழம் வெயிலுக்கு வந்ததும் சிவந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தார்ப்பாய் சிவப்பைத் தடுத்துவிடுகிறது, தக்காளி திருப்பி அனுப்புவதற்குச் சிவப்பே வந்து சேரவில்லை. அதே பந்தலில் எடுத்த கல்யாணப் போட்டோக்களில் முகமெல்லாம் சோகை பிடித்த மாதிரி இருப்பதும் இதனால்தான்.

படி 2: திரையில் ஒரு சொட்டு நீர்

போனில் மஞ்சள் படத்தைத் திறந்து, விரல் நுனியால் கடுகளவு நீர்த்துளியைத் திரையில் வையுங்கள். துளி லென்ஸாக வேலை செய்து கீழே இருக்கும் புள்ளிகளைப் பெரிதாக்கும். அங்கே மஞ்சள் இருக்காது. சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும் பக்கத்துப் பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். மஞ்சள் ஒளி என்று சொல்லத்தக்க எதையும் திரை அனுப்பவில்லை, நம் கண்தான் இரண்டையும் கூட்டி மஞ்சள் என்று படிக்கிறது. பார்த்து முடித்ததும் துளியைத் துடைத்துவிடுங்கள்.

படி 3: பெயின்ட் ஏன் வேறு மாதிரி கலக்கிறது

குழந்தைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி: திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள், பெயின்டில் அதே இரண்டைச் சேர்த்தால் ஏன் சேற்று நிறம்? திரை ஒளியைக் கூட்டுகிறது, பெயின்ட் ஒளியைக் கழிக்கிறது. மஞ்சள் பெயின்ட் நீலத்தை எடுத்துக்கொள்ளும், நீலப் பெயின்ட் சிவப்பையும் மஞ்சளையும் எடுத்துக்கொள்ளும், இரண்டையும் கலந்தால் இரண்டுமே எடுத்துக்கொள்ளாமல் விட்டது பச்சை. சிவப்புப் பெயின்டையும் பச்சைப் பெயின்டையும் கலந்தால் அநேகமாக எதுவும் தப்பிக்காது. பிரின்டரில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குப் பதிலாக சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மை வைப்பதும் இதற்காகத்தான், ஒவ்வொன்றும் ஒரே ஒரு பகுதியை மட்டும் கழிக்கும்.

படி 4: மஞ்சளைச் சிவப்பாக்கி, மறுபடி மஞ்சளாக்குவது

எனக்குப் பிடித்த சோதனை இது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கால் ஸ்பூன் மஞ்சள்தூளைக் கலக்குங்கள். குச்சி நுனியில் சுண்ணாம்பை எடுத்து விட்டுக் கலக்கினால் கணத்தில் செக்கச்செவேலென்று ஆகும். ஆரத்திக்கு ஆலம் கரைத்தவர்களுக்கு இது புதிதல்ல, மஞ்சளிலிருந்து குங்குமம் செய்வதும் இதே வழியில்தான். இப்போது அதிலேயே எலுமிச்சைச்சாறு பிழியுங்கள், தேவையான அளவு விழுந்ததும் திரும்ப மஞ்சளாகிவிடும்.

உள்ளே நடப்பது என்ன? மஞ்சளின் நிறமி குர்குமின். சாதாரண நிலையில் அது 425 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில், அதாவது ஊதா, நீலப் பகுதியில்தான் அதிகம் விழுங்கும். சுண்ணாம்பு காரம். காரத்தில் குர்குமின் தன் ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது, எலக்ட்ரான்கள் மூலக்கூறு நெடுகிலும் இன்னும் தாராளமாகப் பரவுகின்றன, மேல்படிக்கு ஏற முன்னைவிடக் குறைந்த ஆற்றல் போதும் என்று ஆகிவிடுகிறது. குறைந்த ஆற்றல் என்றால் நீண்ட அலைநீளம். ஆகவே விழுங்கும் பகுதி பச்சைப் பக்கம் நகர்கிறது, பச்சையும் போய்விட்டால் மிச்சம் ஆரஞ்சும் சிவப்பும்தான். எலுமிச்சையின் அமிலம் அந்த ஹைட்ரஜன் அயனியைத் திருப்பிக் கொடுக்கிறது. விழுந்த ஒளி மாறவில்லை, பார்த்த கண் மாறவில்லை, நடுவில் எடுத்துக்கொள்ளும் அளவு மட்டும் மாறியது. நிறம் உறிஞ்சலால் வருகிறது என்பதைக் கண்ணெதிரே காட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. சுண்ணாம்பு பட்ட கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், பிள்ளைகள் செய்தால் பக்கத்தில் இருங்கள்.

படி 5: உங்கள் விளக்கை விசாரியுங்கள்

இப்போது சி.டி. அதன் பளபளப்பான பக்கத்தில் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகத் தடங்கள் ஓடுகின்றன, அவை ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும். அறையில் ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, அதன் பிம்பம் சி.டி.யில் வண்ணப் பட்டையாக விழும்வரை சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சூரியனை மட்டும் இப்படிப் பார்க்காதீர்கள், பிம்பமாக இருந்தாலும் கண்ணுக்கு ஆபத்து.

பழைய குண்டு பல்பில் பட்டை இடைவெளியே இல்லாமல் ஓடும், ஆனால் சிவப்பு தூக்கலாகவும் நீலம் நோஞ்சானாகவும் இருக்கும். டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். விளக்கிலும் நிறங்கள் தனித்தனித் துண்டாக விழும். வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் ஒன்று பளிச்சென்று நிற்கும், அதை அடுத்து நீலப்பச்சைப் பகுதியில் ஒரு பள்ளம், அப்புறம் பச்சையிலிருந்து சிவப்பு வரை அகலமான ஒரு மேடு. எல்.இ.டி. பல்புக்குள் உண்மையில் இருப்பது 450 நானோமீட்டர் சுற்றிலும் எரியும் நீல எல்.இ.டி., அதன்மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது, இரண்டும் கலந்து வெள்ளை. அந்த நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகசாகி, அமனோ, நகமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள்.

மூன்று விளக்கும் கண்ணுக்கு வெள்ளைதான். ஆனால் அவற்றுக்குள் இருக்கும் சரக்கு வேறு வேறு. ஒளியில் இல்லாத நிறத்தை எந்தப் பொருளாலும் திருப்பி அனுப்ப முடியாது. கருநீல பேண்ட் இரவில் கறுப்பாகத் தெரிவதற்கு இங்கே விடை இருக்கிறது: மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பில் நீலம் குறைவு, கருநீலத் துணி திருப்பும் கொஞ்ச நீலமும் அதற்கு வந்து சேரவில்லை.

பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். 2700, 3000, 6500 கெல்வின் என்று இருப்பது வெளிச்சம் மஞ்சள் சாயலா, நீலச் சாயலா என்பதை மட்டும் சொல்லும். பொருள்களின் நிறத்தை ஒழுங்காகக் காட்டுமா என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று தனியாக ஓர் எண் உண்டு. 100 தான் உச்சம், 80 சாதாரணம், 90க்கு மேல் நல்லது. இந்த எண்ணைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் எட்டு மாதிரி நிறங்களும் மங்கலானவை, அடர்சிவப்பு அந்த எட்டில் சேர்த்தி இல்லை. அதனால் 80 போட்ட பல்பிலும் அரக்குச் சிவப்புச் சேலை உயிரில்லாமல் இருக்கலாம். அலங்காரக் கண்ணாடிக்கு மேலேயும் தையல் மெஷினுக்குப் பக்கத்திலும் 90 போட்டதைத் தேடி வாங்குவது வீண் செலவாகாது.

படி 6: துணி மேட்சிங்

பட்டுச்சேலைக்கு ஏற்ற பிளவுஸ் பிட் தேடுகிறீர்கள். பட்டில் ஏறியது ஒரு சாயம், பருத்தியில் ஏறியது வேறு சாயம். இரண்டும் வெவ்வேறு அலைநீளங்களை விழுங்குகின்றன, ஆனால் கடை விளக்கில் மிச்சமாக வரும் ஒளி நம் மூன்று கூம்பு செல்களையும் ஒரே அளவில் தூண்டிவிடுவதால் ஒரே நிறம் என்று தோன்றுகிறது. வெயிலுக்குப் போனால் விழுகிற கலவை மாறும், மிச்சமும் இரண்டிலும் இருவேறு விதமாக மாறும், ஜோடி பிரிந்துவிடும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று பொருளில்லை.

இதற்கு ஒரே வழி, குறைந்தது இரண்டு வகை வெளிச்சத்தில் பார்ப்பது. சேலையின் ஓரத்தையும் துணியையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்து, முதலில் கடை விளக்கில், அப்புறம் வாசலில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில். நேர் வெயிலில் பளபளப்பு நிறத்தை மறைத்துவிடும். இரண்டிலும் பொருந்தினால் தைரியமாக வாங்கலாம். விசேஷம் ராத்திரி மண்டபத்தில் என்றால் மஞ்சள் விளக்கிலும் ஒருமுறை பாருங்கள். போனில் போட்டோ எடுத்து அனுப்பிச் சரிபார்ப்பதை நம்ப வேண்டாம், கேமரா தானாக வெள்ளையைச் சரிசெய்கிறேன் என்று எல்லா நிறத்தையும் நகர்த்திவிடும்.

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் இதையே முறைப்படி செய்கிறார்கள். சாயப்பட்டறையிலிருந்து வரும் லேப் டிப் என்ற சாயமேற்றிய மாதிரித் துண்டுகளை லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65, வெளிநாட்டுக் கடைகளின் டியூப் வெளிச்சமான டிஎல்84, குண்டு பல்பு வெளிச்சம் என்று பொத்தானை மாற்றி மாற்றி ஷேட் ஓகேவா என்று பார்ப்பார்கள். ஒரு விளக்கில் சேர்ந்து இன்னொன்றில் பிரிந்தால் அந்தச் சாயக் கலவையையே மாற்ற வேண்டியதுதான்.

ஈரத்துணியையும் காய்ந்த துணியையும் ஒப்பிடாதீர்கள். நூலிழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் ஒளி மேல்பரப்பிலேயே சிதறித் திரும்புவது குறைந்து, உள்ளே ஆழமாகப் போய் அதிகம் உறிஞ்சப்படுகிறது. நனைந்த துணி அடர்ந்து தெரிவது அதனால்தான், காய்ந்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

இந்தக் கணக்கில் அடங்காத சில நிறங்கள்

எல்லா நிறமும் உறிஞ்சலால் வருவதில்லை. மயிலிறகின் கண்ணில் நீலச் சாயம் என்று ஒன்று இல்லை. அங்கே இருப்பது கரும்பழுப்பு மெலனின்தான், அதன் நுண்ணிய குச்சிகள் அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளியே குறிப்பிட்ட அலைநீளங்களை வலுப்படுத்தி அனுப்புகிறது. இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊடுருவிப் பாருங்கள், நீலம் மறைந்து பழுப்பு மட்டும் மிஞ்சும். மயில்கழுத்துச் சேலை அப்படி இல்லை. அங்கே பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்று இரண்டு சாயம் போட்ட நூல்கள் இருக்கின்றன, மடிப்பு திரும்பத் திரும்ப ஒன்று மாற்றி ஒன்று தூக்கலாகத் தெரிகிறது.

வெள்ளைச் சட்டை இன்னொரு வகை. பழசானால் அது நீலத்தைக் கொஞ்சம் விழுங்க ஆரம்பிக்கும், மஞ்சள் தட்டும். சொட்டு நீலம் போட்டால் அந்தச் சாயம் மஞ்சள் பகுதியைக் கொஞ்சம் விழுங்கிச் சமன் செய்கிறது. கண்ணுக்கு வெள்ளையாகிறது, ஆனால் மொத்தத்தில் திரும்பும் ஒளி முன்னைவிடக் குறைவுதான், நீலம் கூடிப்போனால் சட்டை மங்குவது இதனால். பல சோப்புத்தூள்களில் இருக்கும் வெளுப்புப் பொருள் வேறு வேலை செய்கிறது: கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக உமிழ்கிறது. இருட்டறையில் துவைத்த வெள்ளைச் சட்டைமேல் அந்த நோட்டு டார்ச்சை அடித்தால் நீலமாக ஒளிர்வதைப் பார்க்கலாம். டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்க வேண்டாம்.

டார்ச் கையில் இருக்கும்போதே இதையும் செய்துவிடுங்கள். ஒரு பிடி கீரையைக் கசக்கி, கை கழுவும் ஆல்கஹால் சானிடைசரில் ஊறவைத்து வடிகட்டுங்கள், அடுப்புப் பக்கம் போகாமல். கிடைக்கும் சாறு சாதாரண வெளிச்சத்தில் கரும்பச்சை. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கிப் பச்சையை விடுகிறது என்பதற்கு அது சாட்சி. இருட்டில் பக்கவாட்டிலிருந்து புற ஊதாவை அடித்தால் அதே சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். விழுங்கிய ஒளியின் ஆற்றலைச் செலவழிக்க இலையில் வழி இருந்தது, டம்ளரில் அது இல்லை, ஒரு பகுதி சிவப்பு ஒளியாக வெளியே வருகிறது.

சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு

ஷேட் கார்டில் இருக்கும் விரலளவு கட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாதிரிக்காகச் சின்ன டப்பா பெயின்ட் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, அந்த அட்டையைச் சுவரில் சாத்தி வையுங்கள். காலையில், மத்தியானத்தில், இரவு அந்த அறையில் எரியப்போகும் அதே பல்பில் என்று மூன்று வேளையும் பாருங்கள். பல்பு இன்னும் வாங்கவில்லை என்றால் பல்பை முதலில் வாங்குங்கள், பெயின்டை அப்புறம். எதிரே பெரிய சிவப்புச் சுவரோ, ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த மரமோ இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளிதான் உங்கள் சுவரில் விழப்போகிறது, வெள்ளைச் சுவர்கூட அந்தச் சாயலை வாங்கிக்கொள்ளும், அட்டையை அந்தச் சுவரிலேயே வைத்துப் பாருங்கள். மொட்டைமாடிக்கு மட்டும் யோசிக்க வேண்டாம், வெள்ளைதான்: கறுப்புப் பரப்பு விழுங்கும் ஒளியெல்லாம் சூடாக மாறிக் கீழே உள்ள அறைக்குள் இறங்கும். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வருகிறது என்பதால், வெறும் வெள்ளையாக இருப்பதோடு அகச்சிவப்பையும் திருப்பும் கூரைப் பூச்சா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.